முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறார்களா?

சாயங்காலமானால் எங்கள் ஆலந்தலைக் கடற்கரையில் பிள்ளைகள் பல்டி அடிப்பார்கள். மணல் தாங்கிக்கொள்ளும். அந்தத் தைரியத்தில்தான் கோடை விடுமுறையில் 'ஸ்டண்ட் பயிற்சி முகாம்' நோட்டீஸோடு என் மகனும் மகளும் வந்து நின்றார்கள். ஆசை நல்ல ஆசை. உடம்பு சொன்னபடி கேட்கத் தொடங்கினால் பிள்ளையின் நடையே மாறிவிடும். எந்த முகாம் என்பதைப் பெற்றவர்கள்தான் அலசிப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடவில்லையென்றால் அத்தோடு திரும்பிவிடலாம். நல்ல மாஸ்டர் புதுப் பிள்ளைக்கு முதலில் விழத்தான் பழக்குவார்: மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல், ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருள்வது. கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும். வளரும் வயதில் எலும்பு முனைகளில் உள்ள குருத்துத் தட்டு மென்மையானது. அங்கே பலமாக அடிபட்டால் எலும்பு கோணலாக வளரலாம். முதல் வாரமே பின்பல்டி அடிக்கவைத்து வீடியோ எடுத்துத் தரும் இடத்தை நான் நம்புவதில்லை.

என் அண்ணன் தூத்துக்குடி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில்தான் இருப்பார். ஒரு முகாமுக்கு அவரையும் கூட்டிப்போனேன். நான் மெத்தையின் கனத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நேரே பிள்ளைகளைத் தொங்கவிடும் கயிற்றிடம் போனார். முறுக்கைப் பிரித்து உள்ளே பார்த்தார். வெளியே புதுசு போலிருந்த கயிறு, உள்ளே மணல் ஏறி இழை இழையாக நைந்திருந்தது.

"தம்பி, இது எப்ப வாங்குனது?"

பயிற்சியாளருக்குத் தெரியவில்லை.

"வலை இழுக்கக்கூட இதை எடுக்க மாட்டோம். வா, போவோம்" என்றார் என்னிடம்.

கயிறு, பெல்ட், கொக்கி எல்லாவற்றையும் எப்போது வாங்கினார்கள், யார் தினமும் சோதிக்கிறார்கள் என்று இப்போது எங்கே போனாலும் கேட்கிறேன். டிராம்போலினில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் ஏற வேண்டும். பலர் சேர்ந்து குதிக்கும்போதுதான் அதிகம் அடிபடுகிறது என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெல்ட் மாட்டப் பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

தீ, கண்ணாடி, வண்டி இவையெல்லாம் பிள்ளைகள் முகாமில் இருக்கவே கூடாது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் படப்பிடிப்பில், கார் கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அந்த வேலையின் ஆபத்தை 'ஜாலி' என்று விற்பவரிடம் பிள்ளையை விட மனம் வரவில்லை.

பத்து வயதுக்குள் என்றால் சிலம்பத்தில் தொடங்குவது என் விருப்பம். காலடி சரியாக விழும், கண்ணும் கையும் சேர்ந்து ஓடும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது.

கடைசியாக மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கழுத்தில் அடிபட்டு ஒரு பிள்ளை விழுந்தால் என்ன செய்வீங்க?" தூக்கி பைக்கில் வைத்துத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குப் பறப்போம் என்றார் ஒருவர். இன்னொருவர், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குச் சொல்லுவோம், வண்டி வரும்வரை யாரையும் தூக்கவிட மாட்டோம் என்றார். என் பிள்ளைகள் அவரிடம்தான் போகிறார்கள்.