வெயிலை அறிந்து ஆடுவோம்

நுழையும்முன்

திறந்தவெளியில் விளையாடுவது உடலுக்கும் உள்ளத்திற்கும் நலம் தரும். ஆயினும், கோடையில் திடலுக்குச் செல்லும் முன், அன்றைய வெப்பம் எத்தகையது என்று அறிதல் வேண்டும். அவ்வறிவைத் தரும் சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றைப் புதிய ஆட்டம் ஒன்றின் வழியாகக் கற்போம்.

திடலில் ஒரு புதிய ஆட்டம்

இன்று இந்திய நகரங்கள் பலவற்றில், குடியிருப்பு வளாகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் பிக்கிள்பால் ஆடப்படுகிறது. இவ்வாட்டம் 1965-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில் தோன்றியது. ஜோயல் பிரிட்சர்டு, பில் பெல் ஆகிய இரு நண்பர்களும், விடுமுறையில் பொழுது போகாதிருந்த தம் குடும்பத்தாருக்காக ஒரு விளையாட்டைத் தேடினர். வீட்டருகே பழைய இறகுப்பந்துத் தளம் இருந்தது; அதற்குரிய கருவிகள் போதிய அளவில் இல்லை. எனவே, மேசைப்பந்து மட்டைகளையும் துளைகளுள்ள பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு ஆடினர். பின்னர், நண்பர் பார்னி மெக்கலமும் அவர்களுடன் சேர்ந்து விதிகளை வகுத்தார். 2022-இல் வாஷிங்டன் மாநிலம் இதனைத் தன் அதிகாரப்பூர்வ விளையாட்டாக அறிவித்தது.

இதன் தளம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. வலையின் இருபுறமும் 7 அடி வரையுள்ள பகுதியில் நின்று, தரையில் படாத பந்தை அடித்தல் கூடாது. பொதுவாக, 11 புள்ளிகளை எட்டி, எதிரணியைவிட 2 புள்ளிகளேனும் முந்தியிருக்கும் அணி வெல்லும். வலிமையைவிட நிதானத்திற்கு மதிப்பளிக்கும் ஆட்டம் ஆதலால், பாட்டியும் பெயரனும் ஒரே அணியில் நின்று ஆடலாம்.

திறந்தவெளிக்குரிய பந்து, உள்ளரங்கப் பந்தைவிடக் கடினமானது. அதில் பொதுவாக 40 சிறு துளைகள் இருக்கும். காற்றில் எளிதில் விலகாதிருக்கவே இவ்வமைப்பு. கடும் வெயிலில் அப்பந்தும் சற்று இளகும். அதன் துள்ளல் மாறும். பந்தே மாறும்போது, ஆடுவோரின் உடல் மாறாதிருக்குமா?

வெப்பத்தின் பெயர்கள்

நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். ஓடியாடும்போது தசைகள் மேலும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதனை வெளியேற்றவே உடல் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கிறது. ஆகவே, வியர்த்தால் மட்டும் போதாது. வியர்வை உலரவும் வேண்டும். இதனை மனத்திற்கொண்டு பின்வரும் சொற்களைக் காண்போம்.

புழுக்கம்: காற்றில் ஈரப்பதம் மிகுந்து, வியர்வை உலராத நிலை. நெல்லை ஊறவைத்து அவித்துப் பெறுவது புழுங்கல் அரிசி. மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் கோடையில் நாமும் அவ்வாறே புழுங்குகிறோம். வெப்பமானி 34 பாகையே காட்டினும், உடல் குளிர வழியின்றித் தவிக்கும்.

அனல்: நெருப்பின் அருகே நிற்பது போன்ற சூடு. மே, ஜூன் மாதங்களில் டெல்லி, லக்னோ முதலிய வடஇந்திய நகரங்களில் வீசும் ‘லூ’ என்னும் வறண்ட காற்று, அனற்காற்றே ஆகும். அதில் வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடும். ‘எனக்கு வியர்க்கவேயில்லை’ என்று நாம் எண்ணுவோம்; உடலோ நீரை இழந்துகொண்டிருக்கும்.

வெக்கை: வெயிலில் காய்ந்த தரையும் சுவரும் வெளிவிடும் சூடு. சிமென்டுத் தளம் பகலெல்லாம் வெப்பத்தை உள்வாங்கி, மாலையில் வெளிவிடும். நிழல் விழுந்த தளத்தில் வெயில் இராது, வெக்கை இருக்கும்.

புழுக்கத்தில் ஓய்வை மிகுதியாக்குக. காற்றோட்டமுள்ள இடத்தை நாடுக. அனற்காற்று வீசும்போது ஆட்டத்தைக் கைவிடுக. வெக்கை மிகுந்த மாலையைவிட, தளம் குளிர்ந்திருக்கும் விடியற்காலையே ஆடுதற்கு ஏற்றது. நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை எந்நகரிலும் வெயிலில் ஆடுதல் கூடாது. தாகம் எடுக்கும் முன்னரே நீர் அருந்துக. உப்பிட்ட நீர்மோரும் நன்று.

இணையரைக் காப்பதும் ஆட்டமே

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை உடல் தரும் எச்சரிக்கைகள். ‘நான் நிறுத்தினால் என் இணையர் தோற்றுவிடுவாரே’ என்று எண்ணி, இவற்றை மறைப்போர் உண்டு. அவ்வெண்ணம் தவறு. 11 புள்ளி ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் இருமுறை இடைநிறுத்தம் கேட்க விதியே இடம் தருகிறது. நிறுத்துவது தோல்வியன்று, ஆட்டத்தின் ஒரு பகுதி.

உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்தால், அறிவு தடுமாறத் தொடங்கும். பேச்சு குழறும், மயக்கம் வரும். இதுவே உயிருக்கு ஊறு செய்யும் வெப்பத்தாக்கு. இந்நிலையில் இருப்பவர் தமக்கு நேர்வதைத் தாமே உணரமாட்டார். ‘நான் நலமாகவே இருக்கிறேன்’ என்றும் கூறக்கூடும். ஆகவே, அவரைக் காக்க வேண்டியவர் அருகில் நிற்கும் இணையரே. உடனே பெரியோரை அழைத்து, அவரை நிழலுக்குக் கொண்டு செல்க. உடலை நீரால் நனைத்து விசிறுக. 112 என்னும் எண்ணை அழைக்கச் செய்க. மயங்கியவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது.

பந்தைப் பார்க்கும் கண், ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் ஒருமுறை இணையரின் முகத்தையும் பார்க்கட்டும்.

சொல்லும் பொருளும்

திடல் – விளையாடும் வெளி
இணையர் – உடன் ஆடுபவர்
குமட்டல் – வாந்தி வரும் உணர்வு
ஊறு – தீங்கு

கற்கண்டு

நிலைமொழி ‘ல்’ என முடிந்து, வருமொழி க, ச, ப ஆகிய வல்லின எழுத்துகளில் தொடங்கும்போது, ‘ல்’ என்பது ‘ற்’ எனத் திரிவதுண்டு.
அனல் + காற்று = அனற்காற்று
கல் + சிலை = கற்சிலை

பயிற்சி

1. பொருத்தமான சொல்லால் நிரப்புக (அனல், புழுக்கம், வெக்கை).
அ) கதிரவன் மறைந்த பின்னும் மாடித் தரையிலிருந்து ______ எழுந்தது.
ஆ) மழைக்கு முன் காற்றில்லாமல் ______ மிகுந்தது, சட்டை உடலோடு ஒட்டியது.
2. சேர்த்து எழுதுக: சொல் + பொருள், பல் + பொடி.
3. அனற்காற்றில் வியர்வை தெரியாமைக்குக் காரணம் யாது?
4. மயங்கத் தொடங்கிய இணையருக்கு நீங்கள் செய்ய வேண்டுவன யாவை? வரிசைப்படுத்தி எழுதுக.
5. நீங்கள் வாழும் நகரின் கோடைக்கு எச்சொல் பொருந்தும்? ஊரிலுள்ள தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் ஊர்க் கோடையைக் குறிக்கும் சொற்களையும் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.