ஓசோன் படலம்: நம் தலைக்கு மேல் ஒரு பந்தல்



சித்திரை, வைகாசி மாதங்களில் வாலாஜாபேட்டை முதல் ஆம்பூர் வரை வெயில் கொளுத்தும்போது, "ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டதாமே, அதனால்தான் இப்படிக் காய்கிறதா?" என்று மருத்துவமனையில் வரிசையில் காத்திருப்போர் பேசிக்கொள்வதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பதில் "இல்லை" என்பதுதான். அந்த ஓட்டை நம் ஊருக்கு மேலே இல்லை. அதனால் வரும் கேடும் வெப்பம் அல்ல. பின் அது என்ன, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஓசோன் என்றால் என்ன?

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. மூன்று அணுக்கள் சேர்ந்தால் அது ஓசோன். தரையிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இது மிகுதியாகப் பரவியிருக்கிறது. ஆயினும் வானத்து ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்தில் திரட்டினால் அதன் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் உயிரணுக்களைச் சிதைக்கக்கூடியவற்றில் பெரும்பகுதியை இந்த மெல்லிய பந்தல்தான் தடுக்கிறது.

உயிர்களுக்கு என்ன கேடு?

புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் சூடாகவும் உறைக்காது. அது மரபணுவைத் தாக்குகிறது. பல ஆண்டுகள் அதில் நிற்பவர்களுக்குக் கண்புரை வரும் வாய்ப்பு கூடுகிறது. வெள்ளை விழியிலிருந்து கருவிழியின்மேல் சதை படர்வதும் வெளியில் வேலை செய்வோரிடம் அதிகம். வெண்ணிறத் தோலுடையவர்களிடம் தோல் புற்றுநோய் மிகுகிறது. நம் கருநிறத் தோலில் உள்ள நிறமி ஓரளவு காவலாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு அந்தக் காவல் போதாது. கதிர் மிகுந்தால் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலும் தளரக்கூடும். பல பயிர்களின் வளர்ச்சி குன்றுகிறது. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணிய பாசிகள் பாதிக்கப்பட்டால், அவற்றை நம்பி வாழும் மீன்களுக்கும் இரை குறையும்.

நம் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. வெப்ப மண்டலத்தின்மேல் ஓசோன் பந்தல் இயற்கையாகவே சற்று மெல்லியது. ஆகவே தோல் ஷாப் முற்றத்தில் தோல் உலர்த்துகிறவரும், வயலில் களை எடுக்கும் அம்மாவும், சாரத்தில் நிற்கும் கொத்தனாரும் ஏற்கெனவே மிகுந்த கதிரைத் தாங்குகிறார்கள். அந்தப் பந்தலும் கிழிந்தால் அவர்கள் கதி என்ன?

கேடு எங்கிருந்து வந்தது?

முற்காலக் குளிர்ப்பெட்டிகளில் அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. அவற்றுக்கு மாற்றாக 1928-இல் குளோரோ ஃபுளோரோ கார்பன் என்னும் வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது எரியாது, நஞ்சும் அல்ல. நல்லதென்று எண்ணியே உலகம் அதை ஏற்றது. ஆனால் அது மழையில் கரையாமல் மேலே ஏறுகிறது. அங்கே சூரியக் கதிர் பட்டு உடைந்து, குளோரினை வெளிவிடுகிறது. ஒரு குளோரின் அணு ஏறக்குறைய ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. மோலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் இதை 1974-இல் எச்சரித்தார்கள். அவர்களுக்கு 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதனுக்கு, செகந்திராபாத்தில் குளிர்ப்பெட்டித் தொழிலில் வேலை கிடைத்தது. இந்த வாயு கசியாமல் தடுப்பதே அவருடைய பணி. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், அதே வாயு கரியமில வாயுவைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு வலிமையோடு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று 1975-இல் காட்டினார்.

நிரூபணத்துக்குக் காத்திராத உலகம்

1985 மார்ச்சில் வியன்னாவில் நாடுகள் கூடி, ஓசோனைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தன. தென் துருவத்தின்மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்துவிட்டது என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்களின் கட்டுரை அந்த மே மாதத்தில்தான் வெளியாயிற்று. அதாவது, முழுச் சான்று கைக்கு வருமுன்பே உலகம் முதல் அடி எடுத்து வைத்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. இவ்வாயுவைத் தயாரித்த இந்திய ஆலைகளுள் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்ட் 1 அன்று நாடு முழுவதும் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

மருத்துவமனைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தடுப்பூசி மருந்தைக் காத்த ஃபிரிட்ஜில் இந்த வாயு இருந்தது. இழுப்பு நோயாளி உறிஞ்சும் இன்ஹேலரில் மருந்தை வெளியே தள்ளியதும் இதே வாயுதான். அதைத் திடீரென நிறுத்தினால் மூச்சுத் திணறுகிறவர் என்ன செய்வார்? ஆகவே மாற்று வரும்வரை இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. பிறகு வேறு வாயு வந்தது, பழையது நின்றது. வானத்தையும் காக்க வேண்டும், நோயாளியையும் கைவிடலாகாது என்ற இந்த நிதானம் நாம் கவனிக்கத்தக்கது.

பலன் என்ன? 2040 வாக்கில் உலகின் பெரும்பகுதியிலும், 2066 வாக்கில் தென் துருவத்திலும் ஓசோன் 1980-ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவுடன் வெளியான 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் 2065-க்குள் உலக ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்திருக்கும் என்பது நாசா விஞ்ஞானிகளின் கணக்கு. அந்த அழிவு வாலாஜாபேட்டையின் வானத்தையும் விட்டுவைத்திராது.

பாலாறு கற்பித்தது

தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் உப்பேறியதை நாம் நேரில் அறிவோம். அங்கே ஊர்கள் பாதிக்கப்பட்ட பின்னரே நியாயம் கேட்க நேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், "முழுச் சான்று இல்லை" என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வானத்தின் விஷயத்தில் உலகம் காட்டிய அதே விவேகம் இது. வானத்தில் அது உரிய காலத்தில் வந்தது. பாலாற்றில் தாமதித்து வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தாமதத்தின் விலை புரியும்.

நாம் செய்யக்கூடியவை

1. பழைய ஏ.சி.க்கள் பலவற்றில் ஓசோனைக் கெடுக்கும் ஆர்-22 வாயு இன்னும் உண்டு. பழுது பார்க்கும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

2. நண்பகலில் வெளியில் வேலை செய்வோர் அகலமான தொப்பி, முண்டாசு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியட்டும். வேலை கொடுப்போர் அதற்கு உதவட்டும்.

3. பார்வை மங்கினால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்க: நம் தெருவில், நம் தொழிலில், "இன்னும் நிரூபணம் ஆகவில்லையே" என்று நாம் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் காரியம் எது?