மின்கசிவின் காரணம் காணல்

புதுவை நகர்க்கு வடபால் கடலையொட்டி அமைந்த ஊர் காலாப்பட்டு. உப்பீரக் காற்று வீசும் இத்தகைய ஊர்களில் இரும்பு துருவேறும். மின்கம்பி இணைப்புகளும் பழுதுறும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப் போன்ற பழைய படைவண்டிகளைப் பேணுவோர்க்கு இது பெருந்தொல்லை. நன்கு ஓடிய வண்டி, சில நாள் நின்றபின், வேண்டும்பொழுது இயங்க மறுக்கும்.

அந்நிலையில் ஆராயாது புதிய பாட்டரி வாங்குதல் அறிவுடைமையன்று. 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்ட ஈயப் பாட்டரியின் வழிவந்தவையே இவ்வண்டிகளில் உள்ளவை. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓயாது கசியுமாயின், 48 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி இரண்டே நாட்களில் வறண்டுவிடும்.

ஆதலின், முதற்கண் விளக்கு முதலிய யாவற்றையும் நிறுத்துதல் வேண்டும். பின், பாட்டரியை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கம்பியைக் கழற்றி, அவ்விடையில் அம்மீட்டரைப் பொருத்துதல் வேண்டும். அப்பொழுது ஸ்டார்ட்டரை இயக்கலாகாது. இயக்கின் அம்மீட்டர் கெடும். முள் அசையின் கசிவு உண்டு. கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்குங்கால், எதனைப் பிரித்தவுடன் முள் சுழிக்கு மீள்கிறதோ, அவ்வழியிலேயே குற்றம் உளது. உறை கிழிந்த கம்பி சட்டத்தைத் தொடுதலும், டைனமோவின் கட்டவுட் முனைகள் ஒட்டிக்கொள்ளுதலும் பழைய வண்டிகளில் காணப்படும் குற்றங்களாம்.

முள் அசையாவிடின், பாட்டரியின்மீது படிந்த உப்பீரத்தையும் அழுக்கையும் துடைத்து, பின்னரே பாட்டரியை ஐயுறுதல் தகும். காரணம் அறியாது மாற்றிய புதிய பாட்டரியும் பழையதைப் போலவே வறளும்.