பொழுது சாய்வதற்குள் கோபம் ஆற

கோபம் வருவதே பாவம் என்று நினைத்துக் குமைகிறவர்கள் நம் வீடுகளில் அதிகம். ஓய்வுநாளில் சூம்பின கையைக் குணமாக்கலாமா என்ற கேள்விக்கு வாய் திறக்காதவர்களை இயேசுவே கோபத்தோடு பார்த்தார் (மாற்கு 3:5). அவர்களுக்காக மனம் நொந்தார் என்றும் அதே வசனம் சொல்கிறது. நம் கோபத்தில் அந்த வருத்தமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

1. முதலில் பசி. சூரைச்செடியின் கீழ் சோர்ந்துபோய்ச் சாவைக் கேட்ட எலியாவுக்குத் தேவன் அந்த நேரத்தில் புத்திமதி சொல்லவில்லை. தூங்கவிட்டார், தூதனைக்கொண்டு சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், அதுவும் இரண்டு முறை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறவரிடம் கரண்ட் பில்லையும் பிள்ளையின் மார்க்கையும் எடுக்காதீர்கள். சாப்பிட்டு முடியட்டும்.

2. கோபத்தை வழியிலேயே மடக்குங்கள். தன் ஆட்களை அவமதித்து அனுப்பிய நாபாலின் வீட்டை அழிக்கத் தாவீது 400 பேரோடு வாள் கட்டிப் புறப்பட்டான். நாபாலின் மனைவி அபிகாயில் 200 அப்பம், சமைத்த 5 ஆடு, 200 அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றி அனுப்பி, பின்னாலேயே போய் மலையின் மறைவில் அவனைச் சந்தித்தாள். வாசல்வரை வரவிடவில்லை. எனக்கு இதைவிடப் பெரிதாகப்படுவது அடுத்து நடந்ததுதான். வீடு திரும்பியபோது கணவன் குடித்து வெறித்திருந்தான். அன்றிரவு அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்து, வெறி தெளிந்த பிறகே சொன்னாள் (1 சாமுவேல் 25). குடித்திருப்பவரிடம் நியாயம் கேட்காதீர்கள். காலையில் கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

3. கொட்டித் தீர்க்க வேண்டும்போல் இருந்தால் கர்த்தரிடம் கொட்டுங்கள். 13ஆம் சங்கீதம், இன்னும் எத்தனை காலம் என்று அவரையே நான்கு தடவை கேட்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகவே வாசிக்கலாம்.

4. சூரியன் மறைவதற்குள் கோபம் தணிய வேண்டும் என்கிறது எபேசியர் 4:26. யூதருக்குப் பொழுது சாய்ந்தால் மறுநாள் தொடங்கிவிடும். ஒரே மாலையில் தீராத பிரச்சினையும் உண்டு. அப்போது, “மீதியை நாளைக்குப் பேசலாம், உன்மேல் எனக்குப் பகையில்லை” என்றாவது குடும்ப ஜெபத்துக்கு உட்காருமுன் சொல்லிவிடுங்கள்.

5. பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். “அம்மா கத்தினது தப்பு” என்பதோடு நிறுத்துங்கள். “ஆனா நீ மட்டும்...” என்று தொடர்ந்தால் கேட்ட மன்னிப்பு வீணாகிவிடும். பெற்றோர் எரிச்சலூட்டினால் பிள்ளைகள் மனம் சோர்ந்துபோவார்கள் என்று கொலோசெயர் 3:21 எச்சரிக்கிறது.

6. திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, முகங்கொடுத்துப் பேசாத நாத்தனாருக்கோ அண்ணனுக்கோ ஒரு போன் போடுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு (மத்தேயு 5:23, 24). வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போட்டுக் குத்திக்காட்டுவது ஒப்புரவு ஆகாது.

7. அடி உதை இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்னவை போதாது. சவுல் ஈட்டியால் குத்த வந்தபோது தாவீது விலகி, அன்றிரவே தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19:10). அதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொன்னதில்லை. “பொறுத்துப்போம்மா” என்று சபையில் யார் சொன்னாலும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் இன்றே போனில் பதிந்து வையுங்கள்.