வாலிபர்க்கு வேண்டிய வேலை ஒழுக்கம்



நண்பர் ஒருவரின் மகன் நன்றாகப் படித்தவன். பரீட்சையில் சிறப்பாகத் தேறி, பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் ஆபீஸில் உத்தியோகமும் பெற்றான். மூன்று மாதம் முடிவதற்குள் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டான். காரணம் என்ன? படிப்புக் குறைவா? இல்லை. சரக்கு அனுப்பும் பத்திரம் ஒன்றில் எண்ணை மாற்றி எழுதிவிட்டான். அன்று மாலையே அது அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. விஷயம் வெளிவந்தபோது பக்கத்து மேஜைக்காரர் மீது பழியைப் போட்டான். பிழை செய்ததற்காக அவனை அனுப்பவில்லை, மறைத்ததற்காகவே அனுப்பினார்கள்.

தந்தை வருந்தினார். "நம் கடையில் ஒரு வருஷம் நின்றிருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்றார். அருகிலிருந்த பெரியவர் மெல்லக் கேட்டார்: "நீங்கள்தானே தம்பி, படிக்கிற பிள்ளைக்குக் கடையில் என்ன வேலை என்று அவனைப் படியேற விடாமல் வைத்திருந்தீர்கள்?" நண்பரிடம் பதில் இல்லை. நம்மில் பலரிடமும் இதற்குப் பதில் இல்லை. ஆகவேதான் இப்பாடத்தை எழுதலானேன்.

பழைய பள்ளிக்கூடம்

1786-ல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றிய காலந்தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து நம் முன்னோர் வியாபாரத்திற்காக இங்கு வந்தனர். அவர்கள் பெயராலேயே சூலியா தெரு இன்றும் விளங்குகிறது. அவர்களுக்குப் பின்னே ராமநாதபுரம், நாகூர், கடையநல்லூர் பக்கங்களிலிருந்து பையன்கள் கப்பலேறி வந்தார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலை நம் முதியவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைப்பார்கள்.

வந்த பையனுக்கு முதல் நாளே பணப்பெட்டியைத் தரமாட்டார்கள். முதலில் கடைவாசலைக் கூட்ட வேண்டும். பிறகு பெரியவர்களுக்குத் தேநீர் வாங்கி வரவேண்டும். பிறகு பொட்டலம் கட்டுதல், அதன்பின் தராசு, அதன்பின் பற்றுச்சீட்டு, கடைசியில்தான் வசூலும் கணக்கும். இரவில் கடையின் மேல்மாடியில் படுக்கை. ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாடு. யாரும் புத்தகம் வைத்துப் பாடம் நடத்தவில்லை. ஆயினும் பெரியவர் வாடிக்கைக்காரரிடம் பேசுவதைப் பையன் நாள் முழுதும் பார்த்துக்கொண்டே இருந்தான். அதுவே அவனுக்குப் பாடம்.

நம் அண்டை வியாபாரிகளான நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் அவ்வாறே செய்தனர். பினாங்குத் தெருவிலிருந்த அவர்கள் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, திறமையிருந்தால் ஏஜெண்டாகவும் உயர்ந்தான். படிப்படியாக ஏற்றியதில்தான் அவர்கள் பயிற்சியின் இரகசியம் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடம் இன்று ஏறக்குறைய மூடிவிட்டது. 1969-ல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுக அந்தஸ்தை இழந்தது. மொத்த வியாபாரம் சுருங்கிற்று. 1972-ல் பாயான் லெப்பாஸில் தாராள வர்த்தக வட்டாரம் தோன்றி, வாலிபர்களின் பார்வை தொழிற்சாலை பக்கம் திரும்பிற்று. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. வாடகை உயர, பழைய கடைகளில் பலவும் நகரத்தின் நடுவிலிருந்து வெளியேறின. மேல்மாடியில் படுத்துறங்கிய பையன்களும் இல்லாமற் போனார்கள்.

அப்பள்ளிக்கூடம் குறையற்றதா? இல்லவே இல்லை. நேரங்காலமற்ற வேலை, ஏச்சும் பேச்சும், பையனின் படிப்புக்கு முற்றுப்புள்ளி இவையெல்லாம் அதில் இருந்தன. நம் பெண்மக்களுக்கு அதில் இடமே இல்லை. இன்றோ மகள்களும் ஆபீஸுக்குச் செல்கிறார்கள். ஆகவே பழையதில் நல்லதை எடுத்து, தீயதை விட்டு, ஆண்பிள்ளை பெண்பிள்ளை இருபாலார்க்கும் நாமே கற்பிக்க வேண்டும். அப்பாடங்கள் ஐந்து.

1. ஸலாமும் குரலும்

லுக்மான் என்னும் ஞானி தம் மகனுக்குச் சொன்ன உபதேசம் திருக்குர்ஆனில் அவர் பெயராலேயே அமைந்த 31-வது அத்தியாயத்தில் வருகிறது. ஏகத்துவத்தையும் தொழுகையையும் சொன்னவர் அத்துடன் நிற்கவில்லை. மக்களிடம் முகம் திருப்பாதே, நடையில் நிதானம் கொள், குரலைத் தாழ்த்து என்ற கருத்துகளையும் சொன்னார். இன்று ஆபீஸுக்குப் போகும் பிள்ளைக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் வேறு உண்டோ?

வந்தவரைக் கண்டதும் கைத்தொலைபேசியைக் கீழே வைத்து, முகம் பார்த்துப் பேசப் பழக்குங்கள். நம் பழைய கடைப் பையன்கள் மலாய்க்காரரிடம் மலாயில் பேசினார்கள். சீனரிடம் ஹொக்கியனில் விலை சொன்னார்கள். அவரவர் மொழியில் நான்கு வார்த்தை சொல்வதே பெரிய மரியாதை. முதலாளிக்குக் காட்டும் மரியாதையைக் கூட்டித் துடைப்பவருக்கும் காட்டுகிறானா என்று கவனியுங்கள். உண்மையான பரீட்சை அங்கேதான் இருக்கிறது.

2. நேரம்

ஐந்து வேளைத் தொழுகையுள்ள சமுதாயத்துப் பிள்ளைக்கு நேரத்தின் அருமையைச் சொல்ல வேண்டுமா? வேண்டியிருக்கிறதே! எட்டு மணி வேலை என்றால் எட்டு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றுவதல்ல. எட்டு மணிக்குக் கை வேலையில் இருக்க வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்தால், தாமதமாகும் முன்பே தெரிவிக்க வேண்டும். பிந்தி வந்து காரணம் சொல்வது வேறு, முந்திச் சொல்வது வேறு.

ஜும்ஆவுக்குச் செல்லும் நேரத்தை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலதிகாரியிடம் பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் திரும்பி வரவும் சொல்லுங்கள். தொழுகையின் பெயரால் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்காருபவன், தனக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் கதவை அடைக்கிறான்.

3. கேட்டல், திருப்பிச் சொல்லுதல், எழுதுதல்

சொல்வதை முழுதும் கேட்காமல் "சரி, சரி" என்று தலையாட்டுவது வாலிபர்களின் வழக்கம். வேலை கெடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஓர் உத்தரவைக் கேட்டால், "மூன்று பெட்டி, வியாழக்கிழமை, பட்டர்வொர்த்துக்கு, சரிதானே?" என்று திருப்பிச் சொல்லப் பழக்குங்கள். பிறகு எழுதச் சொல்லுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் அது. எழுதுவது அவநம்பிக்கையன்று; இருவர் உறவையும் காக்கும் வேலி.

புரியாததைக் கேட்பதற்கு வெட்கப்படலாகாது என்பதும் இப்பாடத்தில் சேர்ந்ததே. புரிந்ததுபோல் நடிப்பவனைவிட இரண்டு முறை கேட்பவனே பயன்படுவான்.

4. பிழையை ஒப்புக்கொள்ளுதல்

ஐந்திலும் இதுவே தலையாயது. என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

பதினைந்து வயதில் ஒரு மளிகைக் கடையில் சரக்குக் கட்டும் வேலை பார்த்தேன். ஒருநாள் ஒரு பிழை செய்துவிட்டு நானே போய்ச் சொன்னேன். பத்துப் பேர் நடுவில் நிறுத்தி ஏசிவிட்டார்கள். அன்று நான் கற்ற பாடம் 'கவனமாயிரு' என்பதன்று. 'இனிமேல் சொல்லாதே' என்பதே.

சில மாதம் கழிந்தது. சுங்கை பட்டாணியிலிருந்து வந்த சில்லறை வியாபாரி ஒருவருக்கு ஐந்து மூட்டை கொத்தமல்லிக்குப் பதில் நான்கை ஏற்றிவிட்டேன். மாலையில் தெரிந்தது. மூன்று நாள் மறைத்தேன், சாப்பாடு இறங்கவில்லை. சரக்கை எண்ணிப் பார்த்த கணக்கப்பிள்ளைக் காக்கா என்னை மேல்மாடிக்கு அழைத்தார். அடி விழும் என்று நடுங்கினேன். அவரோ பேரேட்டை மூடி வைத்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டார்: "தம்பி, என்ன நடந்தது? யாருக்கு நஷ்டம்? எப்படிச் சரி செய்யலாம்?"

மறுநாள் அந்த மூட்டையோடு என்னையே பெர்ரியில் ஏற்றி அனுப்பினார். பட்டர்வொர்த்தில் இறங்கி, பஸ் பிடித்து, மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த வியாபாரி தேநீர் வாங்கிக் கொடுத்து அடுத்த ஆர்டரையும் என்னிடமே எழுதித் தந்தார். அன்றிலிருந்து பிழையை மறைக்கும் எண்ணம் எனக்கு வந்ததில்லை.

சகோதரர்களே, பிள்ளை உண்மை சொன்னவுடன் நாம் உறுமினால், பொய் சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. அந்த மூன்று கேள்விகளை உங்கள் கடையிலும் வீட்டிலும் வழக்கமாக்குங்கள்.

5. அமானத்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்பே 'அல்அமீன்' என்று பெயர் பெற்றவர்கள். கதீஜா பிராட்டியாரின் சரக்குடன் சிரியா நாட்டுக்கு வியாபாரம் சென்றவர்கள். அமானத் என்பது பணப்பெட்டியோடு முடிவதில்லை. வாடிக்கைக்காரரின் கடன் எவ்வளவு, முதலாளி சரக்கு வாங்கும் விலை என்ன, ஆபீஸில் நடந்த வாக்குவாதம் யாருக்கிடையே என்பவையெல்லாம் அமானத்தே. முன்பு இரகசியம் தெருக்கோடி வரை போயிற்று. இன்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் ஏறினால் அரை நாழிகையில் ஊரெல்லாம் போய்விடும். 'வேலையிடத்துக் காகிதத்தையோ மனிதரையோ அனுமதியின்றிப் படம் பிடிக்காதே' என்று தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

கற்பிக்கும் முறை

ஐந்தாம் படிவம் முடித்து, எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களே இதற்கு நல்ல காலம். பிள்ளையைக் கடைக்கு அழைத்து வாருங்கள். கடையில்லாதவர் நண்பர் கடைக்கு அனுப்பலாம். வாரத்திற்கு ஒரு பாடம் போதும். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள்; பிறகு அவனைச் செய்யவிட்டு அருகில் நில்லுங்கள்; பிறகு தனியே விடுங்கள். வாடிக்கைக்காரர் முன்னால் திருத்தாதீர்கள். கடை அடைத்தபின் தனியே திருத்துங்கள். மாலையில் நீங்களே கோபக்கார வாடிக்கைக்காரராக நடித்து, அவன் எப்படிப் பதில் சொல்கிறான் என்று பாருங்கள். சொந்த மகனானாலும் மகளானாலும் பேசிய கூலியைப் பேசிய நாளில் கையில் கொடுங்கள். கூலியை நேரத்தில் பெற்றவனே நாளைக்கு நேரத்தில் கொடுப்பான்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1966-ஆம் ஆண்டில் இந்நாட்டில் இயற்றப்பட்ட சிறுவர், இளையோர் வேலைச் சட்டம், குடும்பத்தார் நடத்தும் தொழிலில் பிள்ளையின் சக்திக்கேற்ற இலேசான வேலைக்கு இடம் தருகிறது. ஆனால் பதினெட்டு வயது நிறையாத இளையோரை ஓய்வின்றித் தொடர்ந்து நான்கு மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்குவதைத் தடுக்கிறது. பளுவான மூட்டையும் பின்னிரவு வேலையும் பயிற்சியாகா.

கடைசியாக ஒன்று. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்து, பத்தாண்டுகள் கூடவே இருந்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் தம்மைச் சலித்துக் கடிந்ததில்லை என்று பின்னாளில் அவர்களே அறிவித்தார்கள். அச்சிறுவர் வளர்ந்து, ஏராளமான ஹதீஸ்களை உலகிற்கு அறிவித்த பெரியவரானார். எஜமானரின் பொறுமை பணியாளரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் முன்னோர் இத்தீவில் விட்டுச்சென்ற பெரிய சொத்து கட்டடங்களல்ல. நாணயம் என்ற பெயர். கடைகள் கைமாறலாம், தெருக்கள் மாறலாம். அப்பெயரை நம் பிள்ளைகள் எந்த ஆபீஸுக்குச் சென்றாலும் கூடவே எடுத்துச் செல்ல நாம் கற்பிப்போமாக. இந்த வாரமே ஒரு பாடத்தைத் தொடங்குங்கள். அல்லாஹ் நம் மக்களை நல்லொழுக்கமுள்ளவர்களாக ஆக்கி அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.