நன்றாகப் படிக்கும் ஹிஸ்பானிக் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்: கைகொடுக்கும் 15 குறிப்புகள்

டெக்சாஸ், கலிபோர்னியா, புளோரிடா பக்கம் இருக்கும் தோழிகளே, உங்களில் பலருக்கு அடுத்த வீடு மெக்சிகோ, கியூபா, எல் சால்வடார் குடும்பமாக இருக்கும். டிசம்பரில் அங்கிருந்து தமாலே வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். அந்த வீட்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளை இருந்தால் இந்தக் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். சம்பந்தி வீடாகவே இருந்தால் இன்னும் வசதி, பேரப்பிள்ளைக்கு உதவும்.

1. ஸ்காலர்ஷிப் என்றதும் எல்லோரும் வெளியார் தரும் பரிசுகளைத் தேடித்தான் ஓடுகிறார்கள். பெரிய தொகை கல்லூரியின் கையிலேயே இருக்கிறது, நான்கு வருடமும் தொடர்ந்து வருவதும் பெரும்பாலும் அதுதான். தேடும் நேரத்தில் முக்கால் பங்கைக் கல்லூரிகளுக்கே ஒதுக்குங்கள்.

2. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உட்பட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. குடும்ப வருமானம் பார்த்துத்தான் உதவி. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை தயங்காமல் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் அந்தந்தக் கல்லூரித் தளத்தில் உள்ள 'நெட் பிரைஸ் கால்குலேட்டரில்' கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

3. எந்தக் கல்லூரி உண்மையாகவே மதிப்பெண் பார்த்து மெரிட் பணம் தருகிறது என்று கண்டுபிடிக்க அருமையான வழி ஒன்று உண்டு. கல்லூரிப் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். கிடைக்கும் ஆவணத்தில் எச்2ஏ என்ற பகுதிக்குப் போங்கள். பண உதவி தேவைப்படாத பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மெரிட் கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று அங்கே கல்லூரியே எழுதி வைத்திருக்கும். முதல் வருடத்தில் ஆயிரம் பேர் சேர்ந்து 300 பேருக்குக் கிடைத்திருந்தால் பட்டியலில் வையுங்கள். பத்தே பேருக்கு என்றால் அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

4. பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி.யை ஒத்திகை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்குத் தகுதி பெற அந்த ஒரு மதிப்பெண்தான் கணக்கு. அந்த அமைப்பு நேரடியாகத் தரும் பரிசு 2,500 டாலர்தான். ஆனால் இறுதிப் பட்டியலில் வந்த பிள்ளைக்கு டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் பெரிய சலுகை தருகின்றன.

5. 1983 முதல் காலேஜ் போர்டு தந்துவந்த 'நேஷனல் ஹிஸ்பானிக் ரெகக்னிஷன்' என்ற பட்டம் இப்போது இல்லை, பழைய பட்டியல்களில் பார்த்து ஏமாறாதீர்கள். அதற்குப் பதிலாக, குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள், கிராமம், சிறு ஊரில் படிப்பவர்கள், தம் பள்ளியில் முன்னணியில் நிற்பவர்கள் என்று பிரித்துத் தருகிறார்கள். கேட்கும் அளவுக்கு ஜி.பி.ஏ.யும் இருக்க வேண்டும். அப்பா அம்மா கல்லூரிப் பட்டம் வாங்காத வீட்டுப் பிள்ளைக்கு முதல் பிரிவே பொருந்தும்.

6. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று 2023இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இனத்தை மட்டும் வைத்துத் தந்த உதவிகள் பல விதியை மாற்றிக்கொண்டன. 1985இல் தொடங்கிய மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் ஹேசர் ஸ்காலர்ஷிப்பும், ஹிஸ்பானிக் சமூகத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்கும் பக்கம் திரும்பிவிட்டது. ஆகவே கட்டுரையில் 'நான் ஹிஸ்பானிக்' என்று எழுதி நிறுத்தினால் போதாது. ஆஸ்பத்திரியில் பாட்டிக்காக டாக்டர் சொன்னதை ஸ்பானிஷில் சொன்னது, சனிக்கிழமை நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியது, அப்பாவின் பெயின்டிங் வேலைக்கு பில் எழுதிக் கொடுத்தது என்று செய்ததையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகள் வீட்டில் இவ்வளவு வேலையைத் தோளில் சுமந்துகொண்டு அதைச் சாதனை என்றே நினைப்பதில்லை. பெரியவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

7. 1975 முதல் இயங்கும் ஹிஸ்பானிக் ஸ்காலர்ஷிப் ஃபண்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் வழக்கமாக ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரை. ஜி.பி.ஏ. 3.0 போதும், தொகை 500 முதல் 5,000 டாலர் வரை. அந்த வருடத்து விதியை ஒருமுறை படித்துவிட்டே தொடங்குங்கள்.

8. பெரிய பரிசுகள் பள்ளி திறந்த கையோடு மூடிவிடும். கேட்ஸ் ஸ்காலர்ஷிப் ஒன்று, கோகோ கோலா 150 பேருக்கு ஆளுக்கு 20,000 டாலர் தருவது இன்னொன்று. இரண்டுக்கும் கடைசி நாள் வழக்கமாக செப்டம்பரில். ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை வருடத்துக்கு 55,000 டாலர் வரை தருகிறது. கோடை விடுமுறையிலேயே இரண்டு நல்ல கட்டுரையை எழுதி வைத்துக்கொண்டால், முதல் பத்தியை மட்டும் மாற்றிக் கட்டுரை கேட்கும் பலவற்றுக்கு அனுப்பலாம்.

9. உள்ளூர்ப் பரிசுகளை அலட்சியம் செய்யாதீர்கள், போட்டி குறைவு. 1929இல் டெக்சாஸில் தொடங்கிய ஹிஸ்பானிக் அமைப்பான லூலாக்கின் ஊர்க் கிளைகள், ரோட்டரி, கிரெடிட் யூனியன், அம்மா வேலை பார்க்கும் கம்பெனி என்று எங்கெல்லாமோ இருக்கும். ஹூஸ்டன் ரோடியோகூடப் பிள்ளைகளுக்கு 20,000 டாலர் தருகிறது! பள்ளி கவுன்சிலர் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் போகும்போதெல்லாம் போன் கேமராவில் எடுத்து வரச் சொல்லுங்கள்.

10. மாநிலம் தருவதும் உண்டு. டெக்சாஸில் பள்ளி முதல் மாணவருக்கு அரசுக் கல்லூரியில் முதல் வருடப் படிப்புக் கட்டணம் கிடையாது. புளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ் கேட்கும் 100 மணி நேரத்துக்குத் தொண்டு மட்டுமல்ல, சம்பளத்துக்குச் செய்த வேலையும் கணக்கு. கடையில் பகுதிநேரம் நிற்கும் பிள்ளை சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தட்டும்.

11. இவர்கள் பலருக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர். பள்ளிச் சான்றில் இரண்டும், எஸ்.ஏ.டி.யில் ஒன்றும், அரசின் பண உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் நடுவே கோடு போட்டும் இருந்தால் ஒரே பிள்ளையின் தாள்கள் மூன்று பக்கம் சிதறும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதி அல்லாடிய நமக்குத் தெரியாததா! சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

12. பாட்டியோடு ஸ்பானிஷ் பேசி வளர்ந்த பிள்ளை ஏ.பி. ஸ்பானிஷ் தேர்வை அவசியம் எழுத வேண்டும். மொழிக்கு ஒன்று, இலக்கியத்துக்கு ஒன்று என இரண்டு தேர்வு உண்டு. நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகளில் கிரெடிட் கிடைக்கும், அந்த அளவுக்குக் கட்டணம் மிச்சம்.

13. வருமானம் குறைவு என்றால் கவுன்சிலரிடம் எஸ்.ஏ.டி. கட்டண விலக்கு கேளுங்கள். இரண்டு முறை இலவசமாக எழுதலாம், மதிப்பெண்ணை அனுப்பவும் காசு இல்லை, பல கல்லூரிகளில் விண்ணப்பக் கட்டணமும் கட்ட வேண்டாம். விண்ணப்பிக்கவே பணம் கேட்கும் ஸ்காலர்ஷிப் வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

14. மெரிட்டுக்குத் தனிக் கெடு வைத்திருக்கும் கல்லூரிகளைக் காலண்டரில் சிவப்பு மையில் குறியுங்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நவம்பர் 1க்குள் விண்ணப்பித்தால்தான் பெரும்பாலான மெரிட் உதவிக்குப் பார்ப்பார்கள். ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1 திறக்கும், அதையும் அந்த வாரமே முடித்துவிடுங்கள்.

15. வெளியிலிருந்து பரிசு வந்தால் சில கல்லூரிகள் தாங்கள் தருவதில் அந்த அளவைக் குறைத்துவிடும், கையெழுத்துப் போடும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெரிட் தொடர எந்த ஜி.பி.ஏ. வேண்டும், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் தொகைக்கு வரி உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உதவிக் கடிதத்தில் கடனையும் 'உதவி' என்றே போட்டிருப்பார்கள். பென்சிலால் கடன் எழுதிய இடத்தை அடித்துவிட்டு மீதியைக் கூட்டினால்தான் எந்தக் கல்லூரி மலிவு என்று தெரியும். மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும், ஏப்ரலிலேயே உட்கார்ந்து கூட்டிவிடுங்கள்.