தொட்டி மூடியைத் திறக்கும் முன்னே



நம்ம குழுக் கடனில் எத்தனையோ பேர் கக்கூஸ் கட்டியிருக்கோம். சில வருஷத்தில் தொட்டி நிறையும். அப்போது, "அவரைக் கூப்பிடு, காசு கொடுத்தா இறங்கி அள்ளிடுவாரு" என்கிறோம். அந்த 'அவர்' இன்னொரு குழுவில் இருக்கும் ஒரு அக்காவோட வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அதனால் இந்த மாதப் பாடம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

செப்டிக் டேங்கிலும் பாதாள சாக்கடையிலும் மலம் அழுகும்போது பல வாயுக்கள் உண்டாகின்றன. அதில் ரொம்பப் பொல்லாதது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கூமுட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். காற்றைவிட கனமானதால் அடியில் தங்கும். கூடவே மீத்தேனும் கரியமில வாயுவும் சேர்ந்துகொண்டால், உள்ளே மூச்சுவிடத் தேவையான பிராணவாயு குறைந்துபோகும்.

"நாத்தம் நின்னு போச்சு, இறங்கலாம்" என்பார்கள். இங்கேதான் ஏமாந்து போகிறோம். இந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. மூச்சு வழியாக ரத்தத்தில் கலந்துவிட்டால், உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாமல் போகும். ஓயாமல் உழைக்கும் இதயமும் மூளையும் முதலில் அடிபடும். அளவு மிக அதிகமென்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். முகத்தில் துண்டு கட்டினால் வாயு நிற்காது. முந்தின நாளே மூடியைத் திறந்து வைத்தாலும் போதாது. சகதியைக் கிளறும்போது அடங்கிக் கிடந்தது குபுக்கென்று கிளம்பும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

ஒருவர் விழுந்ததும் அண்ணன், தம்பி என்று அடுத்தடுத்து இறங்குவதால்தான் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர் போகிறது. மனசு கேட்காதுதான். ஆனாலும் யாரையும் இறங்க விடாதீர்கள். உடனே தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

பிழைத்து வந்தவரை, "சோடா குடிச்சா சரியாயிடும்" என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம். ஆஸ்பத்திரிக்குப் போய், டேங்கில் இறங்கியதை மறைக்காமல் சொல்லுங்கள். விழாமல் தப்பித்தாலும், வருஷக்கணக்காக இந்த வேலை பார்ப்பவர்களுக்கு இருமலும் இளைப்பும் வருவதுண்டு. பீடிப் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தத் தொகையும் ஆளைத் திருப்பித் தராது. ஆனால் கேட்கும் உரிமை உண்டு, விட்டுவிடாதீர்கள்.

தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். வாடகை கையில் இல்லையென்றால் குழுவில் அவசரக் கடன் கேட்டுப் பாருங்கள். அடியில் சகதி இறுகியிருந்தால், தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி உறிஞ்சச் சொல்லுங்கள். "கொஞ்சம்தான், ஒரு ஆள் இறங்கினா முடிஞ்சிடும்" என்று லாரிக்காரர் சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.